பாக்கெட்டில் ஒட்டிய முகவரி

மாதா துணை

கட்டுமாவடி
2.2.2025

அன்புத் தம்பி ஜஸ்டினுக்கு அக்கா ஷர்லி எழுதுவது. நானும் அம்மாவும் உன் மச்சானும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி மட்டும் போவதும் வருவதுமாக இருக்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை டீயிலேயே நாளை ஓட்டுகிறாயா?

போன் இருக்கும்போது எதற்குக் கடுதாசி என்று நினைப்பாய். போனில் நீ "ம்... சரிக்கா... அப்பறம் பேசுறேன்" என்பதற்கு மேல் வாய் திறப்பதில்லை. எழுதிக் கேட்டால் எழுதித்தானே பதில் சொல்ல வேண்டும்.

விஷயம் நம் பக்கத்து வீட்டு அமிர்தவல்லி அக்காவைப் பற்றியது. சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் நம் வீட்டுக்கு வராமல் நீ முதலில் நுழைந்த வீடு. 2023 ஆகஸ்டில் அவர் கருவாட்டுக்குப் பூச்சிமருந்து தெளிக்கிறார் என்று யாரோ புகார் கொடுத்து, அதிகாரிகள் வந்து சாம்பிள் எடுத்துப் போனார்கள். அன்றைக்கே 'கிழக்குக்கரைச் செய்தி' என்கிற இணையதளத்தில் அது வந்துவிட்டது. ஒரு மாதம் கழித்து ஆய்வில் மருந்தே இல்லை என்று முடிவு வந்தது. தளத்துக்காரர்களும் தலைப்பை மாற்றி, "கட்டுமாவடி கருவாட்டில் மருந்து இல்லை" என்று போட்டார்கள். ஆனாலும் போன வியாபாரம் போனதுதான். திருச்சி, கோயம்புத்தூர் என்று எட்டுக் கடைக்குப் போன சரக்கு இப்போது இரண்டு கடைக்குப் போகிறது. கூட வேலை பார்த்த ஆறு பேரில் நானும் மூக்காயியும்தான் மிச்சம்.

இணையத்தில் தேடினால் முதலில் வரவைப்பதுதான் என் மகனுக்கு வேலை என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். எங்களுக்கு ஓர் இணையதளம் போட்டுக்கொடு. "நல்ல பேரா நாலு பேரு கண்ணுல படணும் ஷர்லி" என்கிறார் அமிர்தவல்லி அக்கா.

நெத்திலிக் கருவாடு அரைக் கிலோ இதோடு வருகிறது. பதில் எழுது.

அக்கா ஷர்லி


வேளச்சேரி
16.2.2025

அன்புள்ள அக்கா,

நான் நலம். அம்மாவின் முட்டிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். கருவாட்டை வறுத்தபோது அறைக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். பிறகு பாதியை அவர்களே தின்றார்கள்.

இணையதளம் போடுவது பெரிய காரியமில்லை. போட்டது கண்ணில் பட வேண்டும், அதுதான் காரியம். அதற்கு முதல் வேலை முகவரி. சில பக்கங்களின் முகவரியைப் பார்த்திருப்பாய். கேள்விக்குறியும் சமக்குறியும் எண்ணுமாக நீளமாக ஓடும். உள்ளே என்ன இருக்கிறது என்று மனிதருக்கும் புரியாது, தேடுகிற இயந்திரத்துக்கும் சட்டென்று பிடிபடாது. நாங்கள் அப்படி விட மாட்டோம். பக்கத்தில் உள்ள விஷயத்தையே மூன்று நான்கு சொல்லில் முகவரியாக வைப்போம். எழுத்து ஆங்கிலம், சொல் நம் ஊர்ச் சொல், நடுவில் சின்னக் கோடு. 'கட்டுமாவடி-நெத்திலி-கருவாடு' என்று இருந்தால் திறக்காமலே தெரியும். தெரிந்ததைத்தான் ஜனங்கள் தொடுவார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் நோட்டீஸில் அச்சடித்தாலும் அது தன்னைப் பற்றித் தானே சொல்லிவிடும்.

ஒன்று மட்டும், வைத்த முகவரியை லேசில் மாற்றக் கூடாது. தேடலில் அந்த முகவரிக்கென்று சேர்ந்த மதிப்பு கலைந்துபோகும் என்று எங்கள் வேலையில் பயப்படுவார்கள். அதனால் முதல் தடவையே ஒழுங்காக வைக்க வேண்டும். இதில் எனக்கு இங்கே நல்ல பெயர். "முகவரியா, ஜஸ்டின்கிட்ட குடு" என்பார் எங்கள் மேலாளர் ஜெரால்டு.

என்னென்ன கருவாடு இருக்கிறது என்று பட்டியல் அனுப்பு. படம் வெயிலில் எடு. மச்சானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி ஜஸ்டின்


மாதா துணை

கட்டுமாவடி
3.3.2025

அன்புத் தம்பிக்கு,

எல்லாரும் சுகம். தைலம் வந்தது. அம்மா அதைத் தேய்ப்பதை விட மற்றவர்களுக்குக் காட்டுவதுதான் அதிகம்.

உன் கடுதாசியைக் கருவாடு காயப்போடும் களத்தில் உட்கார்ந்து எல்லாருக்கும் வாசித்தேன். அமிர்தவல்லி அக்கா இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "புள்ள எம்புட்டு வெவரமா எழுதிருக்கு" என்றார். ஆனால் நீ அவரைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்கவில்லையே? எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அடுத்த கடுதாசியில் கேட்டுவிடு.

பட்டியல்: நெத்திலி, வாளை, சுறா, திருக்கை, காரல். இந்தக் கடுதாசியோடு ஒரு ஸ்டிக்கரும் வைத்திருக்கிறேன், பார். செய்தியில் தலைப்பு மாறியதும் அக்கா அறந்தாங்கி அச்சகத்தில் இரண்டாயிரம் ஸ்டிக்கர் அடித்தார். "எங்கள் கருவாட்டில் மருந்து இல்லை. செய்தியைப் பார்க்க" என்று போட்டு, கீழே அந்தச் செய்தியின் முகவரி. ஒரு வருடத்துக்கு மேலாக ஒவ்வொரு பாக்கெட்டிலும் அவரே தன் கையால் ஒட்டுகிறார். எங்களை ஒட்ட விட மாட்டார், கோணலாகிவிடுமாம். நீ சொன்ன மாதிரி இதிலும் நடுவில் சின்னக் கோடுகள் இருக்கின்றன. ஆங்கில எழுத்தாக இருப்பதால் யாரும் உட்கார்ந்து படித்ததில்லை. இது நல்ல முகவரிதானா என்று பார்த்துச் சொல்.

அக்கா ஷர்லி


வேளச்சேரி
12.4.2025

அன்புள்ள அக்கா,

நலம். நலமறிய ஆவல். வேலை அதிகம், அதனால்தான் எழுதவில்லை.

அந்த ஸ்டிக்கரை இனி ஒட்ட வேண்டாம் என்று சொல். காரணத்தைப் பிறகு எழுதுகிறேன்.

ஜஸ்டின்


மாதா துணை

கட்டுமாவடி
27.4.2025

தம்பிக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. இருந்தாலும் அம்மா நலம், மச்சான் நலம்.

நாற்பது நாள் கழித்து நாலு வரி எழுதியிருக்கிறாய். காரணம் சொல்லாமல் ஒட்டாதே என்றால் யார் கேட்பார்கள்? "அது கெடந்தா கெடக்கட்டும், தம்பிக்கு வேலை டென்சனு" என்று சொல்லிவிட்டு அவர் ஒட்டிக்கொண்டேதான் இருந்தார். போன வெள்ளிக்கிழமை காரணம் தானாக வந்து சேர்ந்தது.

மிச்சமிருந்த இரண்டு கடையில் ஒன்று திருச்சி அய்யப்பன் கடை. அவர் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டுப் போன் பண்ணினார். "ஏங்க, ஒங்க பாக்கெட்டுலயே வெசம்னு போட்டு அனுப்புறீங்க, நான் எப்படிங்க விக்கிறது? வாங்குற ஆளு படிச்சுக் காட்டிட்டு வச்சிட்டுப் போறாங்க" என்றார். அமிர்தவல்லி அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மகள் காவ்யாவைக் கூப்பிட்டு ஸ்டிக்கரைப் படிக்கச் சொன்னார். காவ்யா கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிற பெண். அவளே அதுவரை அந்த வரியை எழுத்துக் கூட்டிப் பார்த்ததில்லை. விரலை வைத்து மெதுவாகப் படித்தாள். 'கட்டுமாவடி-அமிர்தவல்லி-விஷ-கருவாடு.'

அக்கா அழவில்லை. "அப்ப நான் இத்தன நாளா என் கையாலயே ஒட்டி ஒட்டி அனுப்பியிருக்கேனா?" என்று மட்டும் கேட்டார். பிறகு திரும்பி வந்த பெட்டியைப் பிரித்து ஒவ்வொன்றாக நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார். நானும் மூக்காயியும் கூட உட்கார்ந்தோம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. இதைப் படிக்கத் தெரிந்தும் படிக்காமல் இருந்தேனே என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

நீ பார்த்த உடனே படித்திருப்பாய். அதனால்தான் ஒட்டாதே என்றாய். அதை வாய்விட்டுச் சொல்வதற்கு என்ன? தலைப்பை மாற்றியவர்கள் முகவரியை ஏன் மாற்றவில்லை? அதை வைப்பது யார்? இதற்காவது பதில் எழுது.

ஷர்லி


வேளச்சேரி
6.5.2025

அன்புள்ள அக்கா,

என்னை மன்னித்துவிடு. ஸ்டிக்கரைப் பார்த்த அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

தலைப்பும் முகவரியும் வேறு வேறு. செய்தி முதலில் போகும்போது வைத்த முகவரி, பிறகு தலைப்பை எத்தனை தடவை மாற்றினாலும் அப்படியேதான் நிற்கும். ஆள் உட்கார்ந்து மாற்றினால்தான் மாறும். நன்றாக மேலே ஏறிய பக்கத்தைத் தொட வேண்டாம் என்று விட்டுவிடுவது எங்கள் வேலையில் வழக்கம். அங்கே இருந்தவர்கள் யோசிக்கவில்லை.

அந்தத் தளத்தில் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பேசி நேற்று மாற்றியாகிவிட்டது. இப்போது அது 'கட்டுமாவடி-கருவாடு-மருந்து-இல்லை'. அமிர்தவல்லி அக்காவின் பெயரை எடுத்தாயிற்று. பழைய முகவரியைத் தட்டினாலும் புதியதற்கே கொண்டுபோய் விடும். உங்கள் இணையதளத்தையும் முடித்துவிட்டேன். ஐந்து கருவாட்டுக்கும் தனித்தனிப் பக்கம். அய்யப்பனுக்கு அனுப்பிப் பார்.

அம்மாவைப் பார்த்துக்கொள்.

ஜஸ்டின்


மாதா துணை

கட்டுமாவடி
25.5.2025

என் செல்லத் தம்பிக்கு,

அனைவரும் சுகம், உன் புண்ணியத்தில் சந்தோஷமாகவும் இருக்கிறோம். போன கடுதாசியில் உன்னைத் திட்டியதை மறந்துவிடு.

அய்யப்பன் பார்த்துவிட்டு மறுபடியும் சரக்கு கேட்டுவிட்டார். கோயம்புத்தூரிலிருந்து புதிதாக ஒருவர் தேடிப் பார்த்து அவரே கூப்பிட்டார். அமிர்தவல்லி அக்கா இரண்டு வருடம் கழித்துக் களத்தில் சத்தமாகப் பேசுகிறார், மூக்காயியைக் கிண்டல் பண்ணுகிறார். மகளிர் குழுக் கூட்டத்தில் எழுந்து நின்று, "என் பேர எனக்குத் திருப்பிக் குடுத்த புள்ள" என்று உன் பெயரைச் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஜூனில் நம் கோயில் திருவிழாவுக்கு நீ கட்டாயம் வர வேண்டும். உனக்குப் போர்த்த அமிர்தவல்லி அக்கா ஒரு பொன்னாடை வாங்கி வைத்திருக்கிறார். காவ்யாவுக்கு இந்த வருடம் படிப்பு முடிகிறது. "ஜஸ்டின் அண்ணன் பாக்குற வேலைதான் நானும் பாப்பேன்" என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அவளுக்கு உன்மேல் எவ்வளவு மரியாதையோ, அந்த முகவரியை வைத்தவன்மேல் அவ்வளவு ஆத்திரம். "அந்த ஆளுக்கு அக்கா தங்கச்சி இருக்க மாட்டாங்களா?" என்று கேட்கிறாள். நான் என்ன பதில் சொல்வது?

எப்போது வருகிறாய் என்று எழுது.

அக்கா


வேளச்சேரி
13.7.2025

அக்கா,

திருவிழாவுக்கு நான் வராததற்கு லீவு கிடைக்கவில்லை என்று குறுஞ்செய்தி அனுப்பினேன். அது பொய். அந்தப் பொன்னாடைக்குப் பயந்துதான் வரவில்லை.

காவ்யா கேட்டதற்குப் பதில், அந்த ஆளுக்கு ஓர் அக்கா இருக்கிறாள். நீதான். அந்த முகவரியை வைத்தவன் நான்.

'கிழக்குக்கரைச் செய்தி'க்கு முகவரி வைத்துக்கொடுக்கிற வேலை எங்கள் கம்பெனிக்குத்தான் வருகிறது. ஒரு நாளைக்கு நாற்பது செய்தி. அன்றைக்கு வந்த நாற்பதில் அது ஒன்று. படித்ததும் கை நின்றது, அதை மறைக்கவில்லை. அமிர்தவல்லி அக்காவா என்று நினைத்தேன். செய்தியை எழுதியது நானில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் பெயர் செய்தியில் ஆறாவது பத்தியில் ஒரு மூலையில் இருந்தது. அதை முகவரிக்குத் தூக்கி வந்தது நான். பெயரோடு இருந்தால்தான் ஊர்க்காரர்கள் தேடும்போது அகப்படும் என்று எனக்குத் தெரியும். உலர்மீன் என்று யாரும் தேட மாட்டார்கள், கருவாடு என்றுதான் தேடுவார்கள் என்பதும் எனக்குத்தான் தெரியும், நான் கட்டுமாவடிக்காரன். நிருபர் பூச்சிமருந்து என்று எழுதியிருந்தார், அதுவும் புகார் என்றுதான். அந்தச் சொல் நீளமாக இருந்தது. விஷம் என்பது சின்னச் சொல். செய்தியில் எந்த இடத்திலும் விஷம் என்ற சொல் கிடையாது அக்கா. அது நான் போட்டது.

மறுநாளே அது முதலிடத்துக்கு வந்தது. ஜெரால்டு எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன்.

ஆய்வு முடிவு வந்து தலைப்பை மாற்றியபோது முகவரியையும் மாற்றலாமா என்று கேட்டார்கள். கேட்டது என்னிடம்தான். "நல்லா ஏறியிருக்கு, தொட வேணாம்" என்றேன். மே மாதம், தெரிந்தவர்களிடம் பேசி மாற்றினேன் என்று எழுதினேன் இல்லையா, யாரிடமும் பேசவில்லை. நானே உட்கார்ந்து மாற்றினேன். நான்கு நிமிடம் ஆயிற்று. அந்த நான்கு நிமிடத்தை ஒன்றரை வருடமாக நான் செலவழிக்கவில்லை.

உன் முதல் கடுதாசிக்குப் பதில் எழுதும்போதே இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல், முகவரி வைப்பதில் எனக்கு நல்ல பெயர் என்று எழுதினேன். அந்தக் கடுதாசியை நீ களத்தில் வாசித்துக் காட்டினாய் என்பதை நினைத்தால் எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருக்கிறது. வெட்கத்தில் செத்துக்கொண்டிருக்கிறேன் அக்கா. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

அமிர்தவல்லி அக்காவிடம் நீ சொல்லிவிடு. என்னால் முடியாது.

ஜஸ்டின்


மாதா துணை

கட்டுமாவடி
21.9.2025

ஜஸ்டினுக்கு,

அம்மா நலம். உன் கடுதாசியைப் பற்றி அவருக்குத் தெரியாது.

பதில் எழுத இரண்டு மாதம் ஆயிற்று. முதலில் கோபம் வந்தது. அது பத்துப் பதினைந்து நாளில் போய்விட்டது. அடுத்து வந்த வெட்கம் போகவில்லை. தினமும் காலையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் வாளையை வகுந்து உப்பு வைக்கிறேன். "தம்பிக்கு லீவு எப்பத்தான் கெடைக்கும் ஷர்லி?" என்கிறார். நான் மீனைப் பார்த்துக்கொண்டே "தெரியலக்கா" என்கிறேன். செய்தது நீ, பொய் சொல்வது நான். போன வாரம் அவர் வருவதைப் பார்த்துவிட்டு அங்கிட்டுத் திரும்பி மாதா கோயில் சந்து வழியாக வீட்டுக்குப் போனேன். முப்பத்தாறு வயதில் என் ஊரில் ஒளிந்து நடக்கிறேன்.

என்னிடம் எழுதிவிட்டால் உனக்குப் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்தாயா? கோயிலில் உட்கார்ந்து பாவசங்கீர்த்தனம் கேட்க நான் என்ன சாமியாரா? உன்னால் முடியாது என்பதை என் தலையில் வைத்தால் என்னால் மட்டும் எப்படி முடியும்? தவறு நடந்தது அவருக்கு. எழுத வேண்டியதும் அவருக்குத்தான். அவர் வீட்டு விலாசம் உனக்குத் தெரியும், நம் வீட்டுக்கு அடுத்த எண்.

எழுதிய பிறகு எனக்கு எழுது. அதுவரை வேண்டாம்.

ஷர்லி


வேளச்சேரி
5.10.2025

அமிர்தவல்லி அக்காவுக்கு,

நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. உங்கள் பெயரையும் விஷம் என்ற சொல்லையும் சேர்த்து அந்த முகவரியை வைத்தது நான்தான். தெரியாமல் செய்யவில்லை, நீங்கள்தான் என்று தெரிந்தே செய்தேன். தவறு என்று தெரிந்த பிறகும் மாற்றாமல் விட்டேன். இரண்டு வருடம் உங்கள் பிழைப்பு கெட்டதற்கு நான் காரணம். கடைசியில் உங்கள் நன்றியையும் வாங்கிக்கொண்டேன். மன்னிப்புக் கேட்கிறேன். நீங்கள் தர வேண்டும் என்று கேட்கவில்லை.

உங்கள் இணையதளத்தில் போட ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். நடந்தது என்ன, செய்தது யார் என்று என் பெயர், அப்பா சூசைராஜ் பெயர், ஊர் எல்லாவற்றோடும் இருக்கிறது. முகவரியிலும் என் பெயர்தான். என்னைத் தேடுகிற யாருக்கும் அதுதான் முதலில் தெரியும். நீங்கள் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் அன்றைக்கே போட்டுவிடுகிறேன்.

சூசைராஜ் மகன் ஜஸ்டின்


முருகன் துணை

கட்டுமாவடி
2.11.2025

ஜஸ்டின் தம்பிக்கு அமிர்தவல்லி எழுதுவது. நாங்கள் நலம். உன் அம்மாவும் ஷர்லியும் நலம்.

உன் கடுதாசி வந்தது. இதை எழுதி முடிக்க எனக்கு நாலு நாள் ஆயிற்று. எட்டாவதோடு எழுத்து விட்டுப்போனது. காவ்யாவை எழுதச் சொன்னால் பத்து நிமிடத்தில் எழுதுவாள். இதை அவளிடம் கொடுக்க முடியாது.

படித்த அன்று ஷர்லியைக் கூப்பிட்டு, ஒனக்குத் தெரியுமா என்று கேட்டேன். அவள் தலையைத் தொங்கப் போட்டாள். அவளோடு ஒரு வாரம் பேசவில்லை. பிறகு பேசிவிட்டேன். அவள் என்ன செய்வாள்? உன்மேல் எனக்குக் கோபம் போகவில்லை. வேறு யாராவது செய்திருந்தால் போயிருக்கும். உனக்கு என் வீட்டில் சோறு போட்டிருக்கிறேன். என் பெயரை எழுதும்போது அது நான்தான் என்று தெரிந்தே எழுதினாய் என்று நீயே சொல்கிறாய். அதைத்தான் தாங்க முடியவில்லை.

நீ எழுதி வைத்த பக்கத்தைப் போடாதே. சூசைராஜ் அண்ணன் பெயர் அப்படி ஓர் இடத்தில் இருக்கக் கூடாது. செத்துப்போன மனுசன் என்ன பாவம் செய்தார்? பெயர் கெட்டால் வீட்டில் உள்ளவர்கள் தெருவில் எப்படி நடப்பார்கள் என்று எனக்குத் தெரியும். உன்மேல் இரக்கப்பட்டு இதைச் சொல்லவில்லை.

வேறு ஒன்று கேட்கிறேன். காவ்யா உங்கள் ஆபீசுக்கு அவளாகவே எழுதிப் போட்டாள். ஜெரால்டு சார் மூன்று மாதப் பயிற்சிக்கு வரச் சொல்லிவிட்டார். முகவரி வைக்கிற வேலையை உன்னிடம்தான் பழகச் சொல்லியிருக்கிறாராம். அவளுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். ஹாஸ்டலுக்கு இடமும் பார்த்துவிட்டாள். நான் அவளைத் தடுக்கவில்லை. உன்னைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, ஷர்லியும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டேன்.

பத்தாம் தேதி பஸ் ஏறுகிறாள். பதினொன்றாம் தேதி காலையில் உன் எதிரில் வந்து நிற்பாள். வேலையைச் சொல்லிக்கொடுக்கிறதற்கு முன்னால் நீ அவளிடம் சொல்லிவிட வேண்டும், எனக்கு எழுதிய மாதிரி எழுதியில்லை, வாயால். கேட்ட பிறகும் உன்னிடம் பழகுகிறேன் என்று அவள் இருந்தால் இருக்கட்டும். மறு பஸ்ஸில் வந்துவிட்டாலும் வரட்டும், நான் ஏன் என்று கேட்க மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அமிர்தவல்லி